குறையில்லாத வார்டு

கீழேரிப்பாக்கத்தில் முதலில் காணாமல் போனது ஒரு விளக்குக் கம்பம். ஒரகடம் பக்கத்து அந்தக் கிராமத்தைப் புது நகராட்சியோடு சேர்த்து, இனி புகாரைச் செல்போனிலேயே போடலாம், உடனுக்குடன் தீர்ப்போம் என்று அறிவித்த வாரம் அது. அந்தோணியார் தெருவில் விளக்கு எரியவில்லை என்று அங்கே குடியிருந்த செந்தாமரை புகார் போட்டாள். ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. காலையில் பார்த்தால் கம்பம் இல்லை, நட்ட குழியும் இல்லை. தண்ணீர் வராத குழாயும் அப்படியே போயிற்று. டாக்டர் வராத ஆஸ்பத்திரி, வாசலில் படுத்திருந்த நாயோடு போயிற்று. நாய் மட்டும் பிறகு திரும்பி வந்தது. ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வார்டுக்கு விருது கொடுத்தார்கள்.

அதே தெரு ஜோவிதாதான் பழகிக்கொள்ளவில்லை. அவள் புருஷன் அருள்நாதனின் வலது கையைக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு வரவேண்டிய உதவித்தொகை வரவேயில்லை. அவள் கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஓ.டி. பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். புகார் மட்டும் போடவில்லை. போனை அவன் கையில் படாமல் கூடவே எடுத்துப் போவாள்.

நகராட்சி ஆபீஸ் கண்ணப்பன் ஒருநாள் வழிமறித்தார். “இன்னாம்மா, உங்க வூடு ஒண்ணுதான் பாக்கி கீது. ஒரு புகார் தட்டிவுடேன், முடிச்சுடறேன்.”

“நீ முடிப்பன்னுதான் சார் பயமா கீது.”

வீட்டில் சோறு போடும்போது அவள் இதைச் சொல்ல, அருள்நாதன் சிரித்தான். “போட்டா இன்னாடி? கம்பத்துக்கு வலிச்சுதா?”

“வாய மூடிகினு சோத்தத் துன்னுய்யா” என்று ஸ்பூனை அவன் இடது கையில் கொடுத்தாள்.

மழைக்காலத்தில், இரண்டாவது ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்த அன்று, அவள் கம்பெனி லைனிலேயே மயங்கி விழுந்தாள். மறுநாள் அவள் பஸ் ஏறியதும் அருள்நாதன் செந்தாமரையிடம் போனை வாங்கி, உதவித்தொகை வரவில்லை என்று ஒற்றைக் கையால் மெதுவாகப் புகார் தட்டினான். பதில் வரவேண்டிய நம்பர் என்று ஜோவிதாவின் நம்பரைக் கொடுத்தான்.

அந்த வாரமே அவள் போனுக்குப் பதில் வந்துவிட்டது: ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது.’ வீட்டில் ஸ்பூன் இருந்தது, தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவன் செருப்பு இல்லை. கல்யாணப் போட்டோவில் அவள் பக்கத்தில் திரைச்சீலை மட்டும் இருந்தது.

அடுத்த செய்தி, சேவையில் திருப்தியா என்று கேட்டது. அவள் ‘இல்லை’யை அழுத்தினாள். அதையும் ஒரு புகாராக எடுத்துக்கொண்டு தீர்த்துவைத்தார்கள். மறுநாளிலிருந்து அந்த வார்டில் யார் போனிலும் ‘இல்லை’ கிடையாது. கேள்வி மட்டும் விடாமல் வந்தது. லைனில் போன் சத்தம் கேட்கக் கூடாது என்று சூப்பர்வைசர் திட்டினார். ஜோவிதா கையுறையைக் கழற்றி, ‘ஆம்’ அழுத்திவிட்டு, அடுத்த பீஸை எடுத்தாள்.