இர்மினாவின் இடக்கால்

இர்மினா கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இடக்காலின் உறையை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தாள். நாஜி வதைமுகாமில் அந்தக் காலை அறுத்துச் சோதனை செய்த மருத்துவர்கள் இப்போது நியூரம்பெர்க்கில் விசாரணைக் கைதிகள். நாளை நீதிமன்றத்தில் அவளுடைய காயத்தை அமெரிக்க மருத்துவர் லெவிட் விளக்க வேண்டும். அதற்காக இன்று அவர் தொட்டுச் சோதிக்க வேண்டும். அவள் இணங்காவிட்டால் அவளுடைய சாட்சியம் வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

“நாலு வருஷமா எந்த டாக்டரையும் கிட்ட விடல. இன்னிக்கும் விடமாட்டேன்.”

“வார்சாவிலேருந்து இவ்வளவு தூரம் ஓசி ரொட்டி திங்கவா வந்தே, முயலே?” என்றாள் பொக்னா. முகாமில் அடுத்த படுக்கையில் கிடந்தவள் அவள். சோதனைக்கு ஆளான பெண்களை அங்கே எல்லாரும் முயல்கள் என்றே அழைத்தார்கள். அவர்களோ அதையே செல்லப்பெயராக்கிக்கொண்டார்கள்.

லெவிட் தம் வெள்ளை அங்கியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தார். தாயிடம் கற்ற போலந்து மொழியில், “நீங்க சரின்னு சொல்லாம தொடமாட்டேம்மா. வேணாம்னா போயிடறேன்” என்றார்.

ஒரு மருத்துவர் தன்னிடம் அனுமதி கேட்பதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். ஆயினும் பொக்னாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“இவ தொடட்டும். எங்கேன்னு நீங்க சொல்லுங்க.”

லெவிட் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “முட்டிக்கு ஒரு சாண் கீழ, எலும்போரமா அமுக்குங்க.”

முகாமில் தன் சட்டையைக் கிழித்து அந்தப் புண்ணின் சீழைத் துடைத்த அதே விரல்களால் பொக்னா மெல்ல அழுத்தினாள்.

“வலிக்குதாடி?”

“கை ஐஸா இருக்கு, சனியனே!”

மூவரும் சிரித்துவிட்டார்கள். லெவிட் குறிப்பெழுதினார்.

மறுநாள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரு வரிசைகளில் அமர்ந்திருந்தார்கள். இர்மினா காலுறையைக் கழற்றினாள். லெவிட் எட்ட நின்றே, காயத்தைச் சுட்டிக்காட்டும் கோலை நீட்டினார். காலில் பட்டுவிடலாகாதே என்று அதன் முனையை உயரத்திலேயே நிறுத்தினார். எந்த இடமென்று தெரியாமல் நீதிபதி முன்னால் சாய்ந்தார். பொக்னாவோ சாட்சிகளின் இருக்கையில் இருந்தாள். எழுந்து வர இயலாது. லெவிட் கோலைத் தாழ்த்தாமல் இர்மினாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

குளிக்கும்போதும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே அந்தக் காலைக் கழுவியவள், குனிந்து, தழும்பின்மேல் தன் விரலை வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

“இங்க ஆரம்பிக்குது” என்றாள். “பொறுங்க, கீழ வரைக்கும் போகுது. காட்டறேன்.”