ஒரே கிண்ணத்தில் எல்லார் பல்லும்

1.
இந்தக் கதையை என் அத்தை காலைச் சாப்பாட்டின்போது சொன்னார். சொல்லி முடித்ததும், "டேய், இத எங்கயும் எழுதி வைக்காத" என்றார். கல்லூரி இதழுக்குக் கதை கொடுக்க இன்று கடைசி நாள். [அத்தை சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு காதல் கதை எழுதி உங்களைக் கொன்றிருப்பேன். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.]

அத்தை முதியோர் வார்டில் சிஸ்டர். மதியம்தான் டியூட்டி. பக்கத்து அறையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குள் நான் முடித்தாக வேண்டும்.

2.
முதல் தொடக்கம்: "வெண்ணிற ஆடையில் தேவதைகள் உலவும் அந்த..." அடித்துவிட்டேன். தேவதைகளுக்கு ஷிஃப்ட் கிடையாது.

இரண்டாவது: "மருத்துவமனையில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள்." இதற்கு மேல் நான் நகைச்சுவை சேர்க்க ஒன்றுமில்லை. பார்வையிட ஒரு குழு வருகிறது; கட்டில் மேசைகள் துடைத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மேசைகளிலோ ஆளுக்கொரு டம்ளர், டம்ளருக்கொரு பல்செட். பார்க்க அசிங்கமாம். எல்லார் பல்லும் ஒரே கிண்ணத்துக்குள் போனது, கிண்ணம் அலமாரிக்குள் போனது. குழு வந்தது, மேசைகளைப் பார்த்துப் பூரித்தது, 'சிறந்த குழுப்பணி' என்று கேடயம் கொடுத்துவிட்டுப் போனது.

பிறகு கிண்ணம் வெளியே வந்தது. எது யாருடையது?

3.
கதாநாயகர் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர்.* எந்த இரைச்சலிலும் எல்லாருக்கும் புரியும்படி பேசி சம்பளம் வாங்கியவர். இப்போது அவர் வாயில் யாருடைய பல்லோ இருக்கிறது. 'இது என் பல் இல்லை' என்றுதான் சொல்கிறார். வெளியே வருவது: "இஃவு எம் ஃபவ் இவ்வ!"

* கற்பனையாக இருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று நானே வெட்டியிருப்பேன்.

"என்ன சொல்றாரு?" என்றார் நேற்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்.

"தெரியல டாக்டர். நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. இப்ப சாப்பாட்டயும் துப்புறாரு" என்றார் மகன். பெரியவர் பல்லைக் கழற்றி வீசும்போதெல்லாம் பொறுக்கிக் கழுவி, பாசத்தோடு மறுபடி மாட்டிவிடுபவர் இவர்தான்.

"வயசாச்சுல்ல, மூளை குழம்பிருச்சு. நாளைக்குச் சாயங்காலம் மூக்கு வழியா டியூப் போட்டுருவோம். புடுங்காம இருக்க கையக் கட்டிக்கலாம்."

பெரியவர் கத்தினார்.

"பாத்தீங்களா, ஆவேசம்" என்று டாக்டர் ஒரு மாத்திரையையும் சேர்த்து எழுதினார்.

எதிர்க் கட்டிலில் ஒரு தையல்காரர். கிண்ணத்திலிருந்து அவருக்கு வந்த பல் வாய்க்குள்ளேயே நுழையவில்லை. "அளவு தப்பு சிஸ்டர். பிரிச்சுத்தான் தைக்கணும்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறிவிப்பாளரின் பல் அங்கேதான் இருக்கிறது.

4.
இது வார்டு ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியும்; டாக்டருக்கும் மகனுக்கும்தான் தெரியாது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை, பெரியவரைத் தவிர. இவ்வளவு ஒற்றுமையான குழுவை அத்தை பார்த்ததே இல்லையாம்.

"சத்தமில்லாம மாத்தி வச்சிரலாம்ல அத்தை?" என்று கேட்டேன்.

"மாத்தினா தெளிவாப் பேசிருவாருடா" என்றார்.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். பல்லையெல்லாம் கிண்ணத்தில் கொட்டியது ஆயாம்மா என்று எழுதிக்கொண்டேன். அத்தை அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக ஆயாம்மாதான் கொட்டுவார்.

5.
முடிவுகள்.

(அ) ஒரு சிஸ்டர் உண்மையைச் சொல்கிறார். டாக்டர் கண்கலங்குகிறார். [ரவுண்ட்ஸில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.]

(ஆ) டியூப் போடுகிறார்கள். அடுத்த வருடமும் கேடயம். [நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.]

(இ) தையல்காரர் மெல்ல எழுந்து

அத்தை வந்துவிட்டார்.

"எழுதாதன்னுதானே சொன்னேன்?"

"யார் பேரும் போடல அத்தை."

பிடுங்கிப் படித்தார். தையல்காரர் வந்த இடத்தில் சிரித்தார். நாலாம் பகுதியில் சிரிப்பு நின்றது. என் பேனாவை வாங்கி 'ஆயாம்மா'வை அடித்து, மேலே 'நான்' என்று எழுதினார்.

"அவங்க அன்னிக்கு லீவுடா. கொட்டினது நான்."

"அப்ப டாக்டர்கிட்ட இன்னிக்கே..."

"வேலை போச்சுன்னா உன் காலேஜ் ஃபீஸ யாரு கட்டுவா? உங்கப்பனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. குழுவில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அத்தை காகிதங்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கிழிக்கவா, டாக்டர்கிட்ட காட்டவா?" என்று கேட்டேன்.

அவர் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

6.
ஆகவே நீங்கள் படிப்பது நான் நினைவிலிருந்து திரும்ப எழுதியது. நாலாம் பகுதியில் 'ஆயாம்மா' அப்படியே இருக்கிறார். திருத்தியது அத்தையின் கை. அந்தத் தாள் அவர் பையில் பஸ் ஏறிவிட்டது.

இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. பார்வையாளர் நேரம் தொடங்கியிருக்கும். எந்த பஸ் என்று எனக்கும் தெரியும். ஆனால் பாருங்கள், கதை கொடுக்க இன்று கடைசி நாள். நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நாலே எட்டு. தையல்காரரிடம் கேட்டால் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார், நல்ல மனுஷன். கழுவி அறிவிப்பாளரிடம் நீட்டுங்கள். அவர் என்ன அறிவிக்கிறார் என்று கேட்டு வந்து, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

போக முடியாதா? உங்களுக்கும் யாராவது ஃபீஸ் கட்டுகிறார்களா?