ஒன்பதாம் நம்பர் பஸ்காரி

மார்லீனுக்கும் அவளுடைய அண்ணன் கெர்பனுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். அவன் கிழக்கு என்றால் இவள் மேற்கு. அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒன்றாக விடுமுறைக்குக் கிளம்பியதே பெரிய விஷயம். ஹாலந்தின் வடகோடியில் இருக்கும் குரோனிங்கனிலிருந்து ரயிலேறி சுவிட்சர்லாந்து வந்த மூன்றாம் நாள், ஓட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் சண்டை மூண்டது. மலையுச்சியில் சாலை முடிகிற இடத்தில் வால்தெரா என்று ஒரு கிராமம். அங்கே போக வேண்டும். வாடகைக் காரிலா, பஸ்ஸிலா? இதுதான் பஞ்சாயத்து.

"காரை எடுத்தாச்சு. வாசல்ல நிக்குது. அதை விட்டுட்டு யாராவது கூட்டத்தோட கூட்டமா பஸ்ல போவாங்களா?" என்றான் கெர்பன். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டு வந்த சாக்லேட் துருவலை ரொட்டியின் மேல் தாராளமாகக் கொட்டிக்கொண்டான். ஓட்டல்காரர்கள் வைத்த பாலாடைக்கட்டியில் நாலு துண்டைக் காகிதத்தில் சுருட்டி, மதியத்துக்கு என்று பைக்குள் தள்ளினான். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. தம்படி வீணாகாமல் பார்த்துக்கொள்வதில் மன்னன்.

"நீ கார்ல போ. நான் பஸ்லதான் வருவேன்."

"பஸ்காரி பஸ்ஸை விட்டு இறங்க மாட்டா. லீவுலகூடவா?"

"லீவுலதான்டா! பதினாலு வருஷமா ஊரையே ஏத்திக்கிட்டு நான் ஓட்டுறேன். ஒரு நாளாவது வேற ஒருத்தர் ஓட்ட, நான் முன் சீட்டுல உக்காந்து வேடிக்கை பாக்க வேணாமா?"

குரோனிங்கனில் ஒன்பதாம் நம்பர் பஸ் அவளுடையது. தட்டையான ஊர். அங்கே மேடு என்றால் கால்வாய்ப் பாலம்தான். அந்த ஊர் டெப்போவில், காப்பி மிஷின் பக்கத்தில் நின்று டிரைவர்கள் அரட்டை அடிக்கும்போது, சுவிட்சர்லாந்தில் தபால் துறை நடத்தும் மஞ்சள் பஸ்ஸை மலைமேல் ஓட்டுகிறவர்களின் பேச்சு எப்படியும் வந்துவிடும். பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸைக் கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திருப்புவார்களாம். அந்தக் கைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த நாள் முதல் மார்லீனுக்கு ஆசை. பக்கத்து சீட்டில் மகள் ஃபென்னாவும் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

பதினைந்து வயதுக்காரி ஃபென்னா, செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீ எதுல வரே, ஃபென்னா?"

"மாமாவோட கார்ல."

மார்லீன் காப்பியைக் குடித்து முடித்தாள். இந்தப் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் மாடியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தபோது, கீழே தோட்டத்தில் ஃபென்னா பேசியது காதில் விழுந்திருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து வந்து அதே ஓட்டலில் தங்கியிருந்த மெர்லெ என்ற பெண், உங்க அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். "எங்கம்மா போக்குவரத்து ஆபீஸ்ல இருக்காங்க. எந்த ரூட்ல எந்த பஸ் போகணும்னு திட்டம் போடறதெல்லாம் அவங்கதான்," என்று கூசாமல் சொன்னாள் ஃபென்னா.

மார்லீனுக்குத் துண்டு கையிலேயே நின்றுவிட்டது. பனியில் சறுக்கும் ரோட்டில் அறுபது பேரை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். தன் வேலையை நினைத்து ஒரு நாளும் தலை குனிந்ததில்லை. பெற்ற மகள் குனிகிறாள் என்பதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. இதே பெண்தான் ஆறு வயதில் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து வருவாள். எதிரே வேறு பஸ் வந்தால் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் கை உயர்த்துவது வழக்கம். அம்மா கை உயர்த்தினால் இவளும் குட்டிக் கையை உயர்த்துவாள். பன்னிரண்டு வயதில் அது நின்றது. அப்புறம் அந்த பஸ்ஸிலேயே ஏறுவதில்லை, சைக்கிள்தான்.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றான் கெர்பன். "உன் பஸ் மேல வந்து சேர்றதுக்குள்ள நாங்க ஆளுக்கு ரெண்டு கேக் முடிச்சிருப்போம்."

"பாத்துப் போ. மலை ரோட்டுல அந்த பஸ்ஸுக்குத்தான் முதல் உரிமை. எதிர வந்துட்டா நீதான் பின்னாடி போகணும். டிரைவர் சொன்னபடி கேக்கணும்."

"எனக்கே பாடமா? இந்தக் கார்ல பின்னாடி கேமரா இருக்கு, அது பாத்துக்கும். கார் வாடகைக்குக் குடுத்த கம்பெனிக்காரி ரெண்டாவது டிரைவர் பேரு எழுதணுமான்னு கேட்டாளே, ஞாபகம் இருக்கா? ஒரு நாளைக்குப் பன்னண்டு பிராங்க். எதுக்கு தண்டம்னு வேணாம்னுட்டேன். பஸ் ஓட்டுறவளுக்கு இதெல்லாம் கைக்கு அடங்காதும்மா."

மார்லீன் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நீ கால்வாய்க்குள்ள சைக்கிள் விட்டவன்தானே, உனக்கு எல்லாம் அடங்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பத்து மணி பத்து நிமிஷம் என்றால் பத்து மணி பத்து நிமிஷம்தான். மஞ்சள் தபால் பஸ் புறப்பட்டது. முன் சீட்டு மார்லீனுக்கே கிடைத்தது. நாலு வரிசை தள்ளி அந்த மெர்லெயும் அவளுடைய அப்பா அம்மாவும். டிரைவர் சட்டையில் ஃப்ளூரின் என்று பெயர் இருந்தது. ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. முதல் வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹாரனை ஒலித்தார். மலை முழுக்க அது எதிரொலித்தது. மார்லீனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் ஸ்டியரிங்கை வளைத்த விதத்தில் அவசரம் என்பதே இல்லை. பஸ்ஸின் மூக்கு பள்ளத்தின் மேல் நீண்டு, பின் சக்கரம் பாறையை உரசாமல், சுற்றி வந்தது.

"அப்பாடி, என்னமா திருப்பறீங்க!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஃப்ளூரின் கண்ணாடியில் பார்த்தார். "நீங்க வளைவைப் பாக்கல, என் பின் சக்கரத்தைப் பாத்தீங்க. நீங்களும் டிரைவரா?"

"குரோனிங்கன் டவுன் பஸ். ஒன்பதாம் நம்பர்."

"அப்படிப் போடு!" என்றார் அவர்.

ஏழாவது வளைவைத் தாண்டியதும் பஸ் நின்றது. எதிரே ஒரு வெள்ளைக் கார். பார்த்த மாத்திரத்தில் மார்லீனுக்குத் தெரிந்துவிட்டது. கெர்பன் முன்னாலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வால்தெராவில் கார் நிறுத்த இடமே மொத்தம் பத்தோ பதினைந்தோ. எல்லாம் நிரம்பியிருக்க, கீழ் ஊரில் நிறுத்திவிட்டு வரலாம் என்று திரும்பி இறங்கியிருக்கிறான். பஸ்ஸைக் கண்டதும் பதறிப்போய், வழி விடுகிறேன் பேர்வழி என்று வலது ஓரமாக ஒதுங்கிவிட்டான். அந்தப் பக்கம் பள்ளம். தடுப்புச்சுவர் கிடையாது. முன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்தப் பக்கச் சீட்டில்தான் ஃபென்னா.

ஃப்ளூரின் ஹாரன் அடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மார்லீன் அவர் பின்னாலேயே இறங்கினாள். "அது என் பொண்ணு," என்றாள்.  குரல் கலங்கவில்லை.

கெர்பன் கண்ணாடியை இறக்கினான். முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க பின்னாடி போங்க," என்றான் ஃப்ளூரினிடம்.

"பன்னண்டு மீட்டர் பஸ்ஸு, பின்னால கொண்டை ஊசி வளைவு. நான் போக முடியாது சார். உங்களுக்குப் பின்னால முப்பது மீட்டர்ல ஒதுங்க இடம் இருக்கு. நீங்கதான் போகணும்."

"என்னால முடியாது. கேமரா கூவிக்கிட்டே இருக்கு. எங்க பாத்தாலும் சிவப்புக் கோடு."

"கெர்பன், முதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடு. போட்டியா? கியரை 'பி'-ல, பார்க்கிங்ல வை. இப்ப காலை எடு," என்றாள் மார்லீன். "ஃபென்னா, உன் பக்கக் கதவைத் தொடாத. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல நுழைஞ்சு பின் சீட்டுக்குப் போ. இந்தப் பக்கக் கதவு வழியா வா. மெதுவா. அவ்வளவுதான்டா கண்ணு."

ஃபென்னா ஊர்ந்து வந்து பாறைப் பக்கம் இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது. மார்லீன் அவளை ஒரு நொடி இறுக்கிப் பிடித்துவிட்டு, பாறையோடு ஒட்டி நிற்கவைத்தாள்.

"நகரு, நான் எடுக்கறேன்," என்றாள் அண்ணனிடம்.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். அந்த நேரத்திலும் அவன், "நீ உக்காராத! பேப்பர்ல உன் பேரு இல்ல! ஏதாவது ஆச்சுன்னா காப்பீடு பைசா தராது, மொத்தமும் என் தலையில!" என்று அலறினான். காப்பீட்டுக்காரன் புத்தி எங்கே போகும்?

ஃப்ளூரின் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "என் பேரும் இல்லை," என்றார்.

"சரிடா. அப்ப நீயே ஓட்டு," என்றாள் மார்லீன். "கேமராவை அணை. வலது பக்கக் கண்ணாடியைப் பாரு. நான் விளிம்புல நிப்பேன். நான் நிக்கிற இடம் வரைக்கும் ரோடு இருக்குன்னு அர்த்தம். கண்ணாடில நான் முழுசா தெரியணும். தெரியலைன்னா நிறுத்து. ஸ்டியரிங்கை நேரா வெச்சு வா. பயந்து திடீர்னு ஒடிச்சே, முன் சக்கரம் வெளிய போயிடும்."

"நீ அங்க நிக்காத மார்லீன். நான் இடிச்சுட்டா?"

"இடிக்க மாட்டே. நான் பாத்துக்கறேன்."

காரின் பின்னால் போய், விளிம்பில் குதிகாலை ஊன்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் காற்று. கீழே எங்கேயோ மாட்டு மணிச் சத்தம். பஸ்ஸிலிருந்த முப்பது பேரும் மூச்சுக்கூட விடவில்லை. அவள் இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களைத் தன் பக்கம் மடக்கினாள். கார் ஒரு சாண் பின்னால் வந்தது. அவள் விளிம்பை ஒட்டியே பக்கவாட்டில் ஒரு அடி மேலே நகர்ந்தாள். மறுபடி ஒரு சாண். உள்ளங்கையைக் காட்டினால் கார் நின்றது. இடது கையைச் சாய்த்தால் ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபுறம் திரும்பியது. பத்து நிமிஷம் அவள் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. முப்பது மீட்டர் முடிந்து, கார் ஒதுங்குமிடத்தில் பத்திரமாக நின்றபோதுதான் கையை இறக்கினாள்.

பஸ்ஸுக்குள் கைதட்டல் எழுந்தது. ஃப்ளூரின் தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியை எடுப்பதுபோலச் செய்து குனிந்தார்.

கெர்பன் காரைவிட்டு இறங்கி, சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கே கார் கம்பெனிக்குப் போய் உன் பேரை எழுதச் சொல்றேன். பன்னண்டு பிராங்க் போனாப் போகுது," என்றான். அவனைப் பொறுத்தவரை அது சாஷ்டாங்க நமஸ்காரத்துக்குச் சமம்.

"வேணாம்டா. நாளைக்கும் பஸ்தான்," என்றாள் அவள். அவன் தோளைத் தட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். என்ன இருந்தாலும் அண்ணன்.

திரும்பினால், ஃபென்னா பஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். "நான் இதுல வரேன்," என்றாள். மார்லீனின் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. உட்கார்ந்துகொண்டாள். பஸ் கெர்பனின் காரைக் கடந்து ஏறியது.

"உங்க அம்மா மாதிரி ரெண்டு பேரு இந்த ரூட்டுக்குக் கிடைச்சா, நான் நிம்மதியா ரிட்டையர் ஆவேன்," என்றார் ஃப்ளூரின்.

பின்னாலிருந்து மெர்லெ எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் விரிந்திருந்தன. "உங்கம்மா ஆபீஸ்லதானே வேலை பாக்கறாங்கன்னு சொன்னே? இதெல்லாம் எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

மார்லீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் எந்தப் பொய்யைச் சொன்னாலும் தன் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. விளிம்பில் நின்றபோதுகூட இப்படி அடிக்கவில்லை.

ஃபென்னாவின் காது சிவந்தது. 

"பொய் சொன்னேன்," என்றாள். பிறகு குரலை உயர்த்தி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "எங்கம்மா பஸ் டிரைவர். ஒன்பதாம் நம்பர். பதினாலு வருஷத்துல ஒரு விபத்து கிடையாது. ஊர்லயே அவங்க மாதிரி யாரும் ஓட்ட முடியாது," என்றாள்.

"நிஜமாவா? இதையே முதல்ல சொல்லியிருக்கலாமே! ஆபீஸைவிட இது எவ்வளவோ மேல்!" என்றாள் மெர்லெ.

பதினாலு வருஷம், ஒரு விபத்து இல்லை. இந்தக் கணக்கை மார்லீன் மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஃபென்னா தானாகவே எண்ணி வைத்திருக்கிறாள். மார்லீனுக்கு ஜன்னல், மலை எல்லாம் கலங்கிப்போய்த் தெரிந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் மகள் பார்த்துவிடுவாள். தன் வயிற்றில் பிறந்ததுதானே என்று மனம் பூரித்துப்போனது.

மேலே, சாலை அகலமான ஓரிடத்தில், இறங்கி வரும் மஞ்சள் பஸ் ஒன்று எதிரே வந்தது. இரண்டு பஸ்ஸும் மூன்று சுரத்தில் ஒலித்தன. ஃப்ளூரின் வலது கையை உயர்த்தினார். எதிர் டிரைவரும் உயர்த்தினான். பழக்க தோஷம், மார்லீனின் கையும் தானாக மேலே போனது.

பக்கத்தில் இன்னொரு கையும் உயர்ந்திருந்தது. எதிர் பஸ் கடந்து போய், வளைவில் மறைந்த பிறகும் ஃபென்னா அதை இறக்கவில்லை.