பதினான்காவது தூக்கு

கீழே அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வில், மாடியறை மதிய வெயிலோடு மெல்ல எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது. அவள் அண்ணனின் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படித்தாள். எதிரே பிழை திருத்துபவர், காதை அவளிடம் கொடுத்துவிட்டு, கண்ணை அச்சுத்தாளில் வைத்து, சிவப்புப் பேனாவை வரிவரியாக நகர்த்தினார். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

அண்ணன் எழுதுவது துப்பறியும் நாவல். இந்தக் கதையில் மனைவிக்கு விஷம் வைத்த டாக்டர் வெள்ளைத் தோல்காரர். மனம் திருந்தி மலை ஊருக்கு ஓய்வெடுக்கப் போகிறார். விஷப் புட்டியைப் புதைத்துக் கொடுத்த தோட்டக்காரன் கறுப்பினத்தான். அவனுக்குத் தூக்கு.

படிக்கும்போது கதாபாத்திரங்கள் அவளோடு பேசுவது வழக்கம்தான். இன்று தோட்டக்காரன் கையில் ஈரமண்ணோடு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அக்கா, நான் புதைச்சது மட்டும்தானே? விஷம் வச்சது அவரு."

"எழுதியிருக்கு, படிக்கிறேன். எனக்கென்னப்பா தெரியும்?"

"நீங்க படிச்சாத்தானே கயிறு இறங்கும்?"

அவள் நாக்கு தானாகப் புரண்டது. "டாக்டர் தூக்குமேடை ஏறினார். தோட்டக்காரன் மலை ஊர் போய்ச் சேர்ந்தான்."

பேனா அச்சான வரியை அடித்தது, மேலே எழுதியது, சட்டென்று நின்றது.

"அக்கா, பிரதியில அப்படியா இருக்கு?" என்றார் திருத்துபவர்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல தம்பி."

திருத்துபவரும் கறுப்பினத்தவர்தான். தலையெல்லாம் நரைத்தவர். சிரித்தார்.

"உங்க அண்ணன் கையால எங்காளு தூக்குல தொங்குறது இது பதினாலாவது தடவை. எழுத்துப்பிழை இல்லாம சாகட்டும்னு நானே பாத்துப் பாத்துத் திருத்தியிருக்கேன். அதுக்காகக் களவாணித்தனமா காப்பாத்தாதீங்கக்கா. பழி என் பேனா மேலதான் விழும்."

அவள் முகம் சுண்டிப்போனது. ஃபோனை எடுத்தாள்.

"அண்ணே, தோட்டக்காரனை ஏன் தூக்குல போட்டே?"

"டாக்டரைப் போட்டா வாசகர் மனசு ஒப்பாதும்மா. சாயங்காலம் அச்சு ஏறணும், படிச்சு முடி."

"கடைசி அத்தியாயம் என்னால ஆகாது. நீயே வந்து, இவர் எதிர்ல உக்காந்து படி."

"பெரிய மனுஷி ஆயிட்டே" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் வந்து சேர்ந்தார். மூன்று பக்கம் கணீரென்று போனது. நாலாவதில், "அந்த இனத்துக்கே உரிய கொடூரம் அவன்..." குரல் தேய்ந்தது.

"கொடூரம் அவன்... மேல சொல்லுங்க சார்," என்றார் திருத்துபவர், மரியாதையாக.

அண்ணன் வரியின் தொடக்கத்துக்குப் போனார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

"அந்த வரியை அடிச்சிருங்க தம்பி."

"நான் எப்படி சார் அடிக்கிறது? பிரதியில இருக்கே." பேனாவைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினார்.

அண்ணன் அதை வாங்கி, அந்த வரியைத் தானே அடித்தார்.

"தோட்டக்காரன்?" என்றாள் தங்கை.

"அவன் செஞ்சதுக்கு எவ்வளவு தண்டனையோ, அவ்வளவு." தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கு அச்சு வேண்டாம்னு கீழே சொல்லிரும்மா. டாக்டரை மலையிலேருந்து இறக்கணும். நேரமாகும்."