பிரதம விருந்தினரின் தம்பி

அழைப்பிதழில் என் அண்ணனின் படம் ஆடுகிற பிள்ளையின் படத்தைவிடப் பெரிது. பிரதம விருந்தினர், தொழிலதிபர், சமூகத் தொண்டர் திரு. அன்புராசா. கடைசிப் பக்கத்தில், ஒலி அமைப்புக்காரரின் பெயருக்கு மேலே, மிருதங்கம்: ராகுலன். அதுவும் ஒட்டுத் துண்டு. அதற்கு அடியில் இருந்தது ஒரு சென்னை வித்துவானின் பெயர். அவருக்கு விசா கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் அரங்கேற்றம் என்றால் வித்துவான்கள் விமானத்தில் வந்து இறங்கவேண்டும்; ஸ்காபரோவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன் வாசித்தால் ஆட்டம் எடுபடாதாம். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஆறு வாரம் ஒத்திகைக்குப் போனேன்.

நடன ஆசிரியை நிரூபா ரீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். "சாம்பவியின்ரை அரங்கேற்றம் நல்லா நடந்தால் இனி நான் ஒருத்தரையும் வெளியிலயிருந்து இறக்கமாட்டன். எல்லாத்துக்கும் நீர்தான். கையைக் கவனமா வைச்சிரும்."

என் கை என்ன செய்யக்கூடியது என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் சேர்ந்து சண்டை பிடித்த பொடியன்களில் நானும் ஒருவன். அண்ணன் லோயர் பிடித்து என்னைச் சிறையிலிருந்து வெளியே எடுத்தான். அந்த நன்றிக்கு இருபது வருடத்துக்கு மேலாக அவன் வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு நான்தான் நாய். பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் வீட்டைவிட்டு எழும்ப மறுத்தால் என்னை அனுப்புவான். பெரும்பாலும் நான் வாசலில் போய் நின்றாலே போதும்.

அரங்கேற்றம் சனிக்கிழமை ஐந்து மணிக்கு. இரண்டு மணிக்குப் பட்டு வேட்டியோடு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட, அண்ணன் காரைக் கொண்டுவந்து குறுக்கே விட்டான்.

"ஏறு. வெக்ஸ்போர்ட் வீட்டை ஒருக்காப் போட்டு வருவம்."

"இண்டைக்கோ? அண்ணை, உங்களுக்கு விசரே?"

"நாளைக்கு வீடு வாங்கிற ஆக்கள் பாக்க வருகினம். உந்தச் சீமோன் இன்னும் கீழைதான் கிடக்கிறான்."

"நேரத்துக்கு மேடையில இருக்கவேணும்."

"பிரதம விருந்தினர் நான் இல்லாமல் விளக்குக் கொளுத்துவினமே? நான் உன்னோடைதானே இருக்கிறன். பேந்தென்ன?"

இந்த நியாயம் எங்கள் ஆட்களிடம் மட்டும்தான் செல்லும். அதைவிடக் கேவலம், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏறினேன்.

அண்ணன் காருக்குள் இருந்துகொண்டான். நான் பேஸ்மென்ட் கதவைத் தட்டினேன். திறந்தது சீமோனின் மனைவி வேரோனிக்கா. மன்னார் ஆட்கள், நாலு வருடமாக அங்கே இருக்கிறார்கள். பழக்கதோஷம், வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். சீமோன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெருட்ட வந்த ஆளைப் பாரன் வேரோனிக்கா. பட்டு வேட்டி. சப்பாத்தையும் கழட்டிப்போட்டு வாறார்."

"சீமோன் அண்ணை, இண்டைக்கு வெளிக்கிடுங்கோ. பிரச்சினை வேண்டாம்."

"சட்டப்படி கடிதம் தரட்டும், போறன். இல்லாட்டி உன்ரை கொண்ணரை நேர வரச்சொல்லு. நாயை அனுப்பவேண்டாமெண்டு சொல்லு."

அந்தச் சொல்லை எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொருத்தன் வாயில் கேட்டபோது தாங்கமுடியவில்லை. அந்தக் கோபத்திலும் கணக்குப் பார்த்தேன் பாருங்கள், அதுதான் என் கயமை. வலது கைதான் மிருதங்கத்தில் சொற்கட்டுப் பேசும் கை, அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்து, இடது கையால் அவர் வாயில் குத்தினேன். சீமோன் வோஷிங் மெஷினில் மோதி விழுந்தார். என் விரல் முட்டியில் அவருடைய பல் ஏறியிருந்தது.

"ஏன் தம்பி?" என்றார் வேரோனிக்கா. கத்தவில்லை. "அவர் கைநீட்டேல்லையே. கதைச்சவர்தானே."

சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு படியேறினேன்.

வழியில் இன்னும் இரண்டு வீட்டு வாடகையையும் அண்ணன் வாங்கி முடித்து, நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது ஆறு மணி. அண்ணன் சொன்னதுபோலவே ஒருவரும் விளக்குக் கொளுத்தவில்லை. ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள். மேக்கப் கரைந்துவிடும் என்று அழுகையை அடக்கியபடி சாம்பவி திரைக்குப் பின்னால் நின்றாள். நிரூபா ரீச்சர் என் கையில் சுற்றியிருந்த லேஞ்சித் துணியைப் பார்த்தார்.

வர்ணத்துக்குள் இடது கை பணியாரம்போல வீங்கிவிட்டது. பிள்ளை ஓங்கி மிதிக்கிற இடத்தில் அடியில் வந்து தாங்கவேண்டிய தொம் வரவில்லை. வெறும் பலகையில் தட்டினமாதிரி ஒரு சத்தம். அவள் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்னையே செவிட்டில் அறையவேண்டும்போல இருந்தது.

தில்லானாவுக்கு முன் மரியாதை செய்யும் நேரம். பிரதம விருந்தினர் வாத்தியக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும். பாட்டு, வயலின், பிறகு நான். அண்ணன் பொன்னாடையை என் தோளில் போட்டபடி குனிந்தான்.

"இப்பதான் போன் வந்தது. நாளைக்கு விடியவே போறானாம். பாத்தியே, ஒரு அடிதான்."

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக். அவன் வாய் இடது மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. அண்ணன் கவனிக்கவில்லை, படம் எடுப்பவருக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டி மைக்கைப் பொத்தியிருக்கலாம்.

"ஆர் அண்ணை?" என்று கேட்டேன். "விளங்கேல்லை."

"சீமோன்தானடா, வெக்ஸ்போர்ட் சீமோன். பல்லை உடைச்சுப்போட்டு ஆரெண்டு கேக்கிறாய். வாற கிழமை அஜக்ஸ் வீட்டிலையும் உனக்கு வேலை இருக்கு."

மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை கேட்டது. அண்ணனின் முகம் செத்துப்போனது.

"நான்தான் அடிச்சனான்," என்றேன் மைக்கில். "இவர் காருக்குள்ள இருந்தவர்."

எங்கும் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. பக்கக் கதவால் அண்ணன் வெளியே போனான். நிரூபா ரீச்சர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு மைக்கையும் நிறுத்தினார்.

"பத்து வருசம் ஆடின பிள்ளை, ராகுலன். இது அவளின்ரை நாள். உம்மடை வீட்டுச் சண்டைக்கு என்ரை மேடைதான் கிடைச்சுதோ?"

நான் தலை குனிந்தேன்.

"தில்லானா இருக்கு. அதை வாசியும். பிறகு என்ரை வாசலுக்கு வரவேண்டாம்."

பொன்னாடையை எடுத்துப் பக்கத்தில் போட்டேன். லேஞ்சியை அவிழ்த்தேன். சாம்பவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். எலும்பு உடைந்தால் உடையட்டும் என்று இடது கையை ஓங்கி அடித்தேன். தில்லானா முடியும்வரை அவளுடைய ஒரு மிதிகூடத் தொம் இல்லாமல் விழவில்லை.