பிடிமண் எடுக்க வந்தவள்

1

இந்தக் கதையை நான் கடற்கரையில் பொறுக்கினேன். நிஜமாகவே குனிந்துதான். ஒரு யுத்த ஞாபகத் தூணின் அடியில் யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டேன், விரலில் ஒட்டியது. யார் செய்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சேலத்துக்குத் திரும்பும் ரயிலிலேயே, அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அவளுக்குக் குஞ்சம்மாள் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அது 1930. இப்போது 1942. நடுவில் பல தடவை ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். இனிப் போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை. ஜப்பான்காரன் வருவான் என்று கடற்கரையில் முள்கம்பி போட்டிருக்கிறார்களாம். தூண் நிற்கிற பூங்காவையும் பூட்டிவிட்டதாகக் கேள்வி. கடற்கரைக்காரர்கள் பெட்டி படுக்கையோடு எங்கள் சேலத்துக்கு ஓடிவந்து, இங்கே காற்றே இல்லையே என்று குறைப்படுகிறார்கள். அவர்கள் விட்டு வந்த கடலை நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

(எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே ஒருவர் வந்து, எங்கள் ஊர்ப் பூங்காவில் மானே கிடையாது என்று சண்டை பிடிப்பார்.)

2

முதல் தொடக்கம்: "கடல் தன் இரு கரங்களையும் நீட்டிக் குஞ்சம்மாளை—"

வேண்டாம். கடலுக்கு ஏது கை.

இரண்டாவது தொடக்கம்: "சங்கரி ரயிலடியில் வண்டி ஏறும்போது குஞ்சம்மாளின் கழுத்தில் தாலி இருந்தது." மோசமில்லை. ஆனால் படித்ததும், திரும்பும்போது இருக்காது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். நானே இன்னும் முடிவு கட்டவில்லை.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். குஞ்சம்மாள் எடப்பாடிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் குடியிருப்பவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதபோது அவள் புருஷன், போன யுத்தத்தின்போது, கோவேறு கழுதை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினான். யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள். இவன் வரவில்லை. செத்துப்போனான் என்று சர்க்காரும் சொல்லவில்லை.

(அவன் பெயர் என்ன? பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள், சொன்னால் அவன் ஆயுசு குறையும். இந்தக் கதை அவளோடு கூடவே நடக்கிற கதை. அதனால் நானும் எழுதவில்லை.)

கதை நடக்கும்போது பதினாலு வருஷமாக அவள் இரண்டுங்கெட்டவளாக இருக்கிறாள். சொந்தபந்தத்தில் கல்யாணம் என்றால் முறைப்படி வந்து அழைப்பார்கள். போனால், பெண்ணுக்கு நலங்கு வைக்கிற நேரம் பார்த்து யாராவது ஒருத்தி, அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். இழவு வீட்டில் தாலியறுத்த பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். இவள் போய் உட்கார்ந்தால், கழுத்தில் கிடக்கிற தாலியைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பந்தியிலும் அவளுக்கென்று ஒரு இலை இல்லை.

3

கொழுந்தன் அர்த்தநாரியை முதலில் கெட்டவனாகத்தான் எழுதினேன். அண்ணன் பங்கு நிலத்துக்காக அண்ணியை விதவையாக்கப் பார்க்கிறவன் என்று. எழுதி முடித்துப் படித்தால் நம்ப முடியவில்லை. கெட்டவன் எதற்காக, நங்கை நங்கை என்று கூப்பிட்டு அண்ணிக்கு ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துத் தருகிறான்? ஆகவே அவனை நல்லவனாக்கினேன். அது கதைக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

அவன் மேட்டூரில் அணை கட்டுகிற இடத்துக்குக் கல் வண்டி ஓட்டுகிறவன். கடலோரப் பூங்காவில், அந்தத் துறைமுகம் வழியாக யுத்தத்துக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஒரு தூண் நட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டான். அண்ணன் கப்பல் ஏறியதும் அதே துறைமுகம். கேட்ட அன்றே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டுமே போடக்கூடிய தப்புக் கணக்கு அது. ஒரு சாமியை வேறு ஊரில் குடிவைக்க வேண்டுமானால், பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மடியில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். சண்டையில் செத்தவனையும் அப்படித்தான் கொண்டுவந்து கல் நட்டுக் கும்பிடுவார்கள். பஸ்ரா மண்ணுக்குப் போக முடியாது. இந்தத் தூணடி மண் போதும் என்று அர்த்தநாரி நினைத்தான். பூசாரி மாதையனும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: கல்யாணமானவனாக இருந்தால் பெண்டாட்டிதான் மண்ணெடுக்க வேண்டும், அவள்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

குஞ்சம்மாளுக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கிவிட்டது. அவள் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொன்னால் அவன் செத்தவன். சொல்லாதவரை உயிரோடிருப்பவன். அழவில்லை. கடலைத்தான் பார்த்துவிட்டு வருவோமே என்று மட்டும் சொன்னாள்.

4

பூங்கா அழகாகத்தான் இருந்தது. சவுக்குத் தோப்பு, அதற்குள் வேலி போட்டு அடைத்த புள்ளிமான்கள், பக்கத்துக் கழிமுகத்தில் கூழைக்கடாப் பறவைகள். காட்சி பார்க்க வந்த கூட்டம், குடும்பம் குடும்பமாக. குஞ்சம்மாள் மான் வேலியோரம் வெகுநேரம் நின்றாள். மந்தையை விட்டு ஒரு மான் தனியாக நின்று—

(அடித்துவிட்டேன். மானை எல்லாம் அவளுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடக் கூடாது. மான்கள் புல் தின்றன, அவ்வளவுதான்.)

கடலைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. இத்தனை தண்ணீர் கிடக்கிறதே, இதில் ஒரு வயலாவது பாயாதா என்று. பாயாது, உப்பு என்றான் அர்த்தநாரி. அப்புறம் எதற்கு இவ்வளவு என்று அவள் சலித்துக்கொண்டாள்.

தூண் தண்ணீருக்குச் சற்று மேலே நின்றது. எங்கும் மணல்தான். குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். காவற்காரன் ஓடிவந்தான். வீரபாகு என்று பெயர், அதே யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவன். இது கோயில் இல்லை, சர்க்கார் கல் என்று அதட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "செத்தவிய பேர்ல நட்ட கல்லு சாமி இல்லீங்களா?"

அவன் குரலைத் தாழ்த்தி, ஆள் யாரென்று விசாரித்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அர்த்தநாரி பெயரைச் சொன்னான். வீரபாகு இல்லையென்று தலையாட்டினான். அந்தப் பெயரில் யாரையும் அவனுக்குத் தெரியாது. தூணிலும் தேட வேண்டாம் என்றான். துரைமார் பெயர்களைத்தான் வெட்டியிருக்கிறார்கள், மற்றவர்கள் எல்லாருக்குமாகக் கீழே ஒரே வரி. மணியடித்தால் பூங்காவை மூடிவிடுவேன், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனான்.

பெயர் இல்லை என்றதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்துவிட்டான். பெயர் இல்லாததால் உயிரோடிருக்கிறான் என்று ஆகாது என்று மெதுவாகச் சொன்னான். அவளுக்கும் அது தெரியும்.

5

குஞ்சம்மாள் தூணடியில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினாள்.

நம் ஊர்ச் செம்மண்ணாக இருந்தால் பிடித்தது பிடித்தபடி நிற்கும். கடல் மணல் நிற்கவில்லை. இறுக்கினால் விரலிடுக்கில் வழிந்தது. மறுபடி அள்ளினாள். ஒவ்வொரு தடவையும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அர்த்தநாரிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"உட்டுருங்க நங்கை. நான் கூப்புடறேன்."

"நீ கூப்புட்டா உங்கண்ணன் வருவாரு கண்ணு. என்ற ஊட்டுக்காரரு வரோணுமே."

அவன் தள்ளிப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதிருப்பான். கேட்கிற தூரத்தில் அவன் இல்லை என்று தெரிந்ததும் அவள் தனக்குத்தானே பேசினாள்.

"ஒருக்கா கூப்புட்டுப் பாக்கோணும்னு எத்தன நாளா ஆசை."

இந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுதும்போது அவள் சொன்னாள். அவள் பயப்படுகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், அதனால்தான் கதை நகரவில்லை. பதினாலு வருஷம் தனியாகப் படுத்து எழுந்தவள், தன் புருஷன் பெயரைத் தன் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மாமியார் கூப்பிட்டிருக்கிறாள், ஊரே கூப்பிட்டிருக்கிறது. இவளுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது. சொல்லிவிட்டால் கிடைக்கும், அவன் போய்விடுவான்.

6

ஆக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் மணலை உதறிவிட்டு எழுந்துவிடுகிறாள். தாலியோடு ஊர் திரும்புகிறாள். அடுத்த முகூர்த்தத்தில் நலங்கு நேரத்தில் யாரோ அவளை அடுப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள். இதை எழுதியபோது அவளை அங்கே மறுபடி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதில் வீரபாகு ஓடிவந்து, இப்போதுதான் ஞாபகம் வந்தது, அப்படி ஒருவன் பஸ்ராவில் கடை வைத்து—

சீ. பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதில் அவள் கூப்பிடுகிறாள். அதை எழுத உட்கார்ந்தால் அந்தப் பெயரை நான் எழுத வேண்டும். மயில்சாமி என்றோ சின்னுசாமி என்றோ எதையாவது போடுவது பெரிய வேலையில்லை. பேனாவை மையில் தோய்த்துத் தாளில் வைக்கிறேன், கை ஓடவில்லை. எழுதுகிற கணம் ஒருவனைக் கொன்று, ஒரு பெண்ணின் கழுத்தை வெறுமையாக்கப் போவது நான்தான். எழுதாவிட்டால் அவளை அந்த மணலிலேயே உட்கார வைத்திருப்பதும் நான்தான். பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வீரபாகு மணியடிக்கிறான். கூட்டம் வாசலைப் பார்த்து நடக்கிறது. அவள் கடைசியாக ஒரு பிடி அள்ளி, இரண்டு கையாலும் பொத்தி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள். நான் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு மனம் இருந்தால் நிரப்புங்கள், இல்லையென்றால் இப்படியே இருக்கட்டும். கொஞ்சம் சீக்கிரம், மணல் நிற்காது.

"வாங்க ................................, ஊட்டுக்குப் போலாமுங்க."