ஒரு பக்கம் மட்டும் ஊதா

என் கொழுந்தன் டெல்பர்ட்டின் மேசையில் அந்த ஜாடியைப் பார்த்ததும் கையிலிருந்த காபியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். எங்கள் மாவட்டத் திடலில் நடக்கும் பழைய பாட்டில் விற்பனைக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் வருகிறவள் நான். ஊதாக் கண்ணாடி எனக்குப் புதிதில்லை. ஆனால் '1858' என்று புடைத்திருந்த எழுத்தில் கடைசி எட்டுக்குக் கீழே அரிசி அளவில் ஒரு காற்றுக்குமிழ். உடைந்துபோய்விட்டது என்று அவன் சத்தியம் செய்த எங்கள் வீட்டு ஜாடி அது.

என் கணவர் ஆமோஸ் வாதம் வந்து படுத்தபோது, பீச் பழம் போட்டு வைக்கும் அந்த ஜாடியைக் கழுவி அவர் கண்ணுக்கு நேரே ஜன்னலில் வைத்தேன். பழைய கண்ணாடி வெயில் பட்டால் மெல்ல ஊதாவாகும். ஒருமுறை துடைத்துவிட்டுத் திருப்பி வைக்கப் போனேன். "தொடாத இர்மா, வெயில் அதுபாட்டுக்கு வேலை பாக்குது" என்று அதட்டினார். அவர் போகும்போது வெளிப்பக்கம் வெங்காயத்தோல் நிறம். அவரைப் பார்த்த பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

அடக்கம் முடிந்த கையோடு, "ஜாடியோட வயசைச் சரியா பாத்துச் சொல்றேன் அண்ணி" என்று எடுத்துப் போனவன்தான் டெல்பர்ட். இப்போது அது முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது. தொப்பிக்காரர் ஒருவர் அதைக் கையில் ஏந்தியிருந்தார்.

"1858, சார். அதுலயே போட்டிருக்கு. இந்த நிறத்துல இன்னொண்ணு காட்டுங்க, கடையை மூடிட்டுப் போறேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "அது காப்புரிமை வாங்கின வருஷம். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் அதே எழுத்தைத்தான் போட்டாங்க. நிறம் வெயில்ல வந்ததும் இல்ல. மெஷின்ல வெச்சுக் கதிர்வீச்சு பாய்ச்சி ஒரே நாள்ல ஏத்தினது."

தொப்பிக்காரர் ஜாடியை வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"வியாபாரத்தைக் கெடுத்துட்டியே அண்ணி! ஒண்ணுக்கும் ஆகாத ஜாடி. நான்தான் அழகாக்கினேன்."

"உடைஞ்சுதுன்னியேடா."

அவன் காதைச் சொறிந்தான். "சரி, இப்ப என்ன? சூளையில வெச்சா இந்த நிறம் போயிடும். பழையபடி வெள்ளையாயிடும்."

"பழையபடியா? முழுசா வெள்ளையாகும். உங்கண்ணன் படுத்துக்கிட்டுப் பார்த்தது பாதி நிறம்டா. அந்தப் பாதியை எந்தச் சூளையில எடுப்ப?"

சபையில் கத்தும் வழக்கம் எனக்கில்லை, அன்று கத்தினேன். வெட்கமாகவே இல்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் வந்தேனே என்று வண்டி ஓட்டும்போதுதான் ஆத்திரமாக வந்தது. ஜாடி பக்கத்து சீட்டில் என் கோட்டுக்குள் இருந்தது. எடுத்துக்கொள் என்று அவன் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து அதை ஜன்னலில் வைத்தேன். எழுத்து எந்தப் பக்கம் இருந்தது? வெளியே பார்த்தா, கட்டிலைப் பார்த்தா? நிறத்தை வைத்தே பக்கம் பார்த்துப் பழகியவள், எழுத்து எந்தப் பக்கம் நின்றது என்று கவனித்ததே இல்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். எப்படி வைத்தாலும் அவருடைய தலையணைமேல் அதே அடர்ந்த ஊதா விழுந்தது.